கட்டம் போட்ட பூ

நீங்கள் எத்தனையோ கட்டம் போட்ட புடவை கட்டியிருப்பீர்கள். பாலும் பழமும் கட்டம், செட்டிநாட்டுக் கட்டம், பட்டிலே ஒரு கட்டம், நூலிலே ஒரு கட்டம் என்று பீரோவில் அடுக்கியும் வைத்திருப்பீர்கள். பாவும் ஊடையும் வேறு வேறு நிறத்தில் ஓடினால் கட்டம் விழும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் தறியும் இல்லாமல், நெய்கிறவரும் இல்லாமல், ஒரு பூவின் இதழிலே அச்சடித்தாற்போல் கட்டம் விழுந்திருந்தால் என்ன சொல்வீர்கள்?

"சும்மா கதை விடாதீர்கள்!" என்றுதான் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். இங்கிலாந்தில் இருக்கும் என் பெண், கடையில் ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து அதன்மேல் இருந்த படத்தைக் காட்டியபோது, "இது யாரோ சித்திரக்காரன் வேலை. பூவாவது, கட்டம் போடுவதாவது!" என்று சொல்லிச் சிரித்தேன்.

படத்தில் ஒரு மெல்லிய தண்டு. அதன் நுனியில் மணியைக் கவிழ்த்துத் தொங்கவிட்டதுபோல் ஒரே ஒரு பூ. இளஞ்சிவப்பு இதழின்மேல் அரக்கும் கத்தரிப்பூ நிறமும் கலந்த சின்னச் சின்னச் சதுரங்கள், சதுரங்கப் பலகையைப் போல. பிற்பாடு நிஜப் பூவைப் பார்த்தபோதுதான், சித்திரக்காரன் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

"இதற்குப் பெயர் என்னடி?" என்றேன்.

"பாம்புத் தலைப் பூ, அம்மா" என்றாள் அவள்.

"ஐயையோ! பிள்ளை பெறப் போகிற வீட்டில் பாம்பும் வேண்டாம், பல்லியும் வேண்டாம்!" என்று நான் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவள் மறுபடி எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டாள். அதிலிருந்துதான் இந்தக் கதை ஆரம்பம்.

பெயர் வந்த கதை

மொட்டாக இருக்கும்போது இந்தப் பூ தலையைக் கீழே சாய்த்துக்கொண்டு, செதில் செதிலாக, பார்ப்பதற்குப் பாம்பின் தலை மாதிரியே இருக்கும். அதனால்தான் வெள்ளைக்காரர்கள் அப்படிப் பெயர் வைத்தார்கள். மற்றபடி அது பரம சாது.

சாஸ்திரப் பெயர் பிரிட்டில்லேரியா மெலியாக்ரிஸ். வாயில் நுழையவில்லையே என்று பயப்படாதீர்கள். இரண்டு சொல்லுக்கும் நம் வீட்டு அர்த்தமே இருக்கிறது. 'பிரிட்டில்லஸ்' என்றால் லத்தீன் பாஷையில் பகடைக் காய்களைப் போட்டுக் குலுக்கி உருட்டுகிற குவளை. ஆட்டப் பலகையின் கட்டங்களைப் பூவில் கண்ட அந்தக் காலத்துப் பண்டிதர்கள், ஆட்டக் குவளையின் பெயரையே பூவுக்குச் சூட்டிவிட்டார்கள். 'மெலியாக்ரிஸ்' என்பது கினிக்கோழி. உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாகக் கோலம் போட்டாற்போல் இருக்குமே, அந்தக் கோழிதான்! ஆகவே ஒருவருக்குத் தாயக்கட்டம், ஒருவருக்குக் கோழி, ஒருவருக்குப் பாம்பு. நமக்குப் புடவை. அவரவர் மனசில் இருப்பதுதானே அவரவர் கண்ணுக்குத் தெரியும்!

பதினாறாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்து ஆர்லியான் நகரில் மருந்துக் கடை வைத்திருந்த நோயல் காப்பெரோன் என்பவர்தான் இந்தப் பூவைச் செடிப் பண்டிதர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்வார்கள். 1597-ல் லண்டனில் ஜான் ஜெரார்டு என்பவர் மூலிகைகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். ஒவ்வொரு செடிக்கும் இன்ன வியாதிக்கு இன்ன குணம் என்று எழுதிக்கொண்டு போனவர், இந்தப் பூவுக்கு வந்ததும், வைத்தியத்துக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் யாரும் சொல்லவில்லை, தோட்டத்துக்கும் அழகிய பெண்மணிகளுக்கும் அலங்காரமாக இருப்பதுதான் இதன் உபயோகம் என்று முடித்துவிட்டார். அந்த நாளிலேயே அந்த ஊர்ப் பெண்கள் இதைச் சட்டையில் குத்திக்கொண்டிருக்கிறார்கள். நாம் தலையில் வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

1915-ல் ஸ்காட்லாந்தின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மாக்கின்டாஷ் இந்தப் பூவை நீர்வர்ணத்தில் வரைந்தார். கட்டடத்துக்குக் கோடு கோடாகப் படம் போட்டே பழகிய கை அல்லவா? இதழில் இயற்கையே கோடு போட்டு வைத்திருப்பதைப் பார்த்ததும் அவர் மனம் என்ன குதி குதித்ததோ!

பூவுக்கு வந்த கஷ்டம்

தோட்டத்துப் பூ என்று நினைத்துவிடாதீர்கள். இது ஆற்றங்கரைப் பூ. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் ஆறு பெருகி வந்து, வண்டலைப் படியவிட்டு வடியுமே, அந்த மாதிரிப் புல்வெளிகள்தான் இதற்குத் தாய்வீடு. இங்கிலாந்தில் ஏப்ரல் மாதத்தில் அப்படிப்பட்ட புல்வெளி முழுவதும் கண்ணுக்கெட்டிய தூரம் இந்த மணிகள் தொங்கிக் கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. சிறுவர் சிறுமியர் கைநிறையப் பறித்துக் கட்டுக் கட்டாகக் கட்டுவார்கள். லண்டன் மார்க்கெட்டுக்கும் அது விலைக்குப் போகும்.

இப்போது அந்தக் காட்சியைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. 1930-களுக்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த பூப்பூக்கும் பழைய புல்வெளிகளில் 100-க்கு 97 பங்கு மறைந்துவிட்டது. யுத்த காலத்தில் சாப்பாட்டுத் தட்டுப்பாடு. ஆகையால் புல்வெளியை எல்லாம் உழுது தானியம் போட்டார்கள். பிறகு ஈரநிலத்துக்கு வடிகால் வெட்டினார்கள். செயற்கை உரம் போட்டார்கள். உரம் போட்டால் புல் தழைக்கும்; புல் தழைத்தால் ஒரு முழம்கூட வளராத இந்தப் பூ மூச்சுத் திணறிப் போகும். மறுபடி உண்டாக்கிவிடலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மிச்சம் இருப்பதில் மிகப் பெரியது வில்ட்ஷயர் ஜில்லாவில் கிரிக்லேட் என்ற சிற்றூரை ஒட்டிய வடக்குப் புல்வெளி. தேம்ஸ் நதிக்கும் சர்ன் என்ற சிற்றாற்றுக்கும் நடுவில், 100 ஏக்கருக்குச் சற்று மேல். பிரிட்டனில் இயற்கையாக வளரும் பாம்புத் தலைப் பூக்களில் ஐந்தில் நான்கு பங்கு இந்த ஒரே இடத்தில் இருப்பதாகக் கணக்கு.

அது பிழைத்ததற்குக் காரணம் என்ன தெரியுமா? பழைய ஊர்க்கட்டு! பல நூற்றாண்டுகளாக அங்கே ஒரு வழக்கம். பூ பூத்து, காய்த்து, விதை உதிர்ந்த பிறகு, ஜூலையில்தான் புல்லை அறுப்பார்கள். ஆகஸ்ட் 12 முதல் பிப்ரவரி 12 வரை ஊராரின் ஆடுமாடுகள் மேயலாம். அதற்குப் பிறகு ஒரு கால்நடையும் உள்ளே வரக் கூடாது. அந்த நேரத்தில்தான் பூண்டு மண்ணைப் பிளந்துகொண்டு முளைவிடும். பூவைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் அந்தச் சட்டத்தைப் போடவில்லை. மாட்டுக்குப் புல் வேண்டும் என்றுதான் போட்டார்கள். ஆனாலும் அந்தக் கட்டுப்பாட்டின் நிழலில் பூவும் பிழைத்துக்கொண்டது.

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த மாட்லின் கல்லூரியின் புல்வெளியிலும் இந்தப் பூ உண்டு. அங்கே பூ முடிந்த பிறகு மேய விடுவது மாட்டை அல்ல, மானை! பக்கத்தில் டக்ளிங்டன் என்ற கிராமத்தில் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் 'பிரிட்டில்லரி ஞாயிறு' என்றே கொண்டாடி, ஒரு வயலை எல்லோரும் பார்க்கத் திறந்து விடுகிறார்கள். கடல் கடந்து ஸ்வீடன் போனால் உப்சாலா நகரத்து ராஜ மைதானத்தில் பூத்துக் குலுங்குகிறது. அந்தப் புல்வெளியின் பெயராலேயே பூவை அழைக்கிறார்கள். உப்லாந்து மாகாணத்தின் அடையாளப் பூவும் அதுதான்.

வெங்காயம் என்று நினைத்துக் கெட்டேன்

இப்போது நம் பொட்டலத்துக்கு வருவோம். அதில் இருபது கிழங்கு. ஒவ்வொன்றும் சின்ன நெல்லிக்காய் அளவுகூட இல்லை. வாங்கியது அக்டோபர் முதல் வாரம். நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. "எந்த நல்ல காரியமும் விஜயதசமியன்று ஆரம்பித்தால் விருத்தியாகும். அன்றைக்கு நடலாம்" என்று நான்தான் சொன்னேன். பொட்டலத்தைச் சமையலறை அலமாரியில் வைத்தேன். கீழே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் குழாய்கள். பத்து நாள் போயிற்று.

'வெங்காயம் மாதிரிதானே! வெங்காயம் பத்து நாளில் கெட்டுப் போகுமா என்ன?' என்பது என் எண்ணம். சகோதரிகளே, நான் செய்த பிசகு இதுதான். வெங்காயத்துக்கு மேலே சருகுச் சட்டை ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரத்தை அது காப்பாற்றும். பாம்புத் தலைப் பூக் கிழங்குக்கு அந்தச் சட்டை கிடையாது. சதைப்பற்றுள்ள இரண்டு செதில் சேர்ந்து கைகூப்பினாற்போல் இருக்கும், அவ்வளவுதான். காற்றுப்பட்டால் காய ஆரம்பித்துவிடும். விஜயதசமியன்று பொட்டலத்தைப் பிரித்தபோது பாதிக் கிழங்கு பூண்டுச் சருகுபோல் லேசாக இருந்தது.

இருந்தாலும் நட்டேன். என் பெண் நிறைமாதம். போர்வையைப் போர்த்துக்கொண்டு வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இங்கே ஒன்று, அங்கே ஒன்று" என்று எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். நவம்பரில் பேத்தி பிறந்தாள்.

அந்த ஊர்க் குளிர்காலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டிசம்பரில் நாலு மணிக்கு இருட்டிவிடும். மாப்பிள்ளை காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். வாசலில் மனுஷ முகம் தெரியாது. கைக்குழந்தையும் கையுமாக ஜன்னல் வழியே அந்த வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு, "ஏதாவது வருகிறதா அம்மா?" என்று தினமும் கேட்பாள் என் பெண். அவள் கேட்டது கிழங்கைப் பற்றி மட்டும் அல்ல என்பது எனக்குத் தெரியும். எனக்கு விசா ஆறு மாதம்தான். மார்ச் கடைசியில் நான் கிளம்பியாக வேண்டும். "நீ போனப்புறம் நான் யாரோட பேசறது?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். நான் என்ன பதில் சொல்வது? குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன்.

மார்ச்சு மாதம் முதல் முளை தெரிந்தது. சாம்பல் பூத்த பச்சை நிறத்தில், புல் மாதிரி ஒரு இலை. பிறகு இன்னொன்று. மொத்தம் நாலு. இருபதில் நாலு!

நாங்கள் இருவரும் குனிந்து எண்ணிக்கொண்டிருந்ததை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார் அடுத்த வீட்டு அம்மாள். எழுபது வயதிருக்கும். ஆறு மாதமாகத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனவர், அன்றைக்கு வேலி ஓரம் வந்து, "பிரிட்டில்லரியா? நாலுதானா? எத்தனை நாள் உலர வைத்தீர்கள்?" என்று கேட்டார். திருட்டைக் கையோடு பிடித்துவிட்டாற்போல் இருந்தது எனக்கு. விஜயதசமி விஷயத்தை என் பெண் விளக்கினாள். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவர் சொல்லிக் கொடுத்ததையும், நான் அதற்கப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் கீழே எழுதுகிறேன்.

நடுவது எப்படி?

வாங்கும் காலம்: செப்டம்பரில் கடைக்கு வந்தவுடனே வாங்கிவிட வேண்டும். கையால் அமுக்கினால் கெட்டியாக இருக்க வேண்டும். சுருங்கியது, லேசானது, பூசணம் பிடித்தது ஆகாது. மலிவு விலையில் கடைசியாகக் கிடைப்பதை வாங்கினால் பணம் நஷ்டம். வாங்கிய அன்றே நடுவது உத்தமம். முடியாவிட்டால் ஈர மணலிலோ ஈரமான தேங்காய் நார்த்தூளிலோ புதைத்துக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கலாம். சூடேற்றும் குழாய் பக்கம் மட்டும் வேண்டாம்!

இடம்: அரை நிழல், அல்லது காலை வெயில். மண்ணில் ஈரம் நிற்க வேண்டும். சகதியாகவும் இருக்கக் கூடாது. களிமண்ணாக இருந்தால் மக்கிய இலையைக் கலந்து இளக்கிக்கொள்ள வேண்டும். வெயிலில் காய்ந்து பொடியாகிற மணல் தரை உதவாது.

ஆழம்: சுமார் நாலு அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர். கிழங்குக்குக் கிழங்கு மூன்று நாலு அங்குலம் இடைவெளி. ஐந்தும் பத்துமாகக் கூட்டமாக நட்டால்தான் அழகு. வரிசை பிடித்து நட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல் இருக்கும். புல்தரையில் நடுவதானால், கைநிறைய எடுத்து மெதுவாகச் சிதறவிட்டு, எது எங்கே விழுந்ததோ அங்கேயே குழி எடுத்து நடுவது அந்த ஊர் வழக்கம்.

தொட்டியில்: வளர்க்கலாம். தோட்ட மண்ணும் இலை மக்கும் கலந்து நிரப்பி, தொட்டியை வெளியிலேயே குளிரில் வைக்க வேண்டும். குழந்தைக்குக் குளிருமே என்பதுபோல் வீட்டுக்குள் எடுத்து வந்துவிடக் கூடாது. குளிர் இருந்தால்தான் அது பூக்கும். தொட்டி மண் காயவும் கூடாது.

கிழங்கு சரிப்படாவிட்டால்: வசந்த காலத்தில் தொட்டியோடு வளர்ந்த செடியாகவே விற்கிறார்கள். விலை சற்று அதிகம். ஆனால் பிழைப்பது நிச்சயம்.

பூக்கும் காலம் ஏப்ரல், மே. பத்துப் பன்னிரண்டு அங்குல உயரம். கட்டம் போட்ட பூவோடு சில சமயம் வெள்ளைப் பூவும் வரும். அதிலும் உற்றுப் பார்த்தால், தண்ணீர்க் கோலம் போட்டாற்போல் மங்கலான பச்சைக் கோடுகள் தெரியும். ஆரம்ப வசந்தத்தில் பசியோடு சுற்றும் பெரிய ரோமத் தேனீக்கள் இந்த மணிக்குள் தலைகீழாகப் புகுந்து தேன் குடிக்கும்.

பூ வாடியதும் இலையை அறுத்துவிடக் கூடாது. இலை தானாகப் பழுத்துப் போகும் வரையில், அடுத்த வருஷத்துக்கு வேண்டியதை அது கிழங்கில் சேமித்துக்கொண்டிருக்கும். ஆகையால் ஜூலை வரையில் அந்த இடத்தில் புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. கிரிக்லேட் ஊர்க்கட்டுப்பாடும் இதேதான் அல்லவா?

மூன்று ஜாக்கிரதைகள்

முதலாவது, சிவப்பு வண்டு. அரக்கு முத்திரை குத்தினாற்போல் பளபளவென்று சிவப்பாக அழகாகத்தான் இருக்கும். 1939-ல் சர்ரே ஜில்லாவில் குடியேறி இப்போது நாடெங்கும் பரவிவிட்டது. அல்லிக் குலத்துச் செடி எதைக் கண்டாலும் இலையை மொட்டையடித்துவிடும். அதன் புழுக்கள் தங்கள் கழிவையே மேலே பூசிக்கொண்டு எச்சம் மாதிரி ஒளிந்திருக்கும். கையால் பொறுக்கி எடுப்பதுதான் வழி. ஆனால் வண்டைப் பிடிக்கப் போனால் பொத்தென்று மல்லாந்து கீழே விழும். அதன் வயிறு கறுப்பு. மண்ணில் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே முதலில் கீழே ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்துவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். இந்தத் தந்திரம் அடுத்த வீட்டு அம்மாள் சொன்னது.

இரண்டாவது, அணிலும் எலியும் கிழங்கைத் தோண்டும். ஓடில்லா நத்தை குருத்தைத் தின்னும். நட்ட இடத்தின்மேல் கம்பி வலையைப் போட்டு மூடி, முளை வரும்போது எடுத்துவிடலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். இந்தக் கிழங்கு விஷம்! செடி முழுவதிலுமே விஷச் சத்து உண்டு. நான் செய்ததுபோல் சமையலறை அலமாரியில் வைப்பதே தப்பு. சின்ன வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் இதை வைத்து, யாராவது சாம்பாரில் உரித்துப் போட்டுவிட்டால் என்ன ஆவது? தொட்டால் கையைக் கழுவ வேண்டும். தவழும் குழந்தைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

விதை போட்டவர்கள் பொறுமைசாலிகள்

இதை மறுபடி உண்டாக்குவது சுலபமில்லை என்று சொன்னேன் அல்லவா? விதையாகப் போட்டால் ஒரு குளிர்காலம் முழுவதும் மண்ணில் கிடந்த பிறகுதான் முளைக்கும். முதல் வருஷம் ஊசிபோல் ஒரே இலை. இரண்டாம் வருஷமும் பெரிதாக ஒன்றும் இருக்காது. பூப் பார்க்க நாலைந்து வருஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஒருமுறை உழுது புரட்டினால் போதும்; நூறு வருஷம் சேர்ந்த கூட்டம் ஒரு காலையில் போய்விடும். உண்டாக்க வேண்டுமானால் ஒரு குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வரை வளர்க்கிற பொறுமை வேண்டும்.

நம் ஊரில் வருமா?

சென்னையிலோ மதுரையிலோ நட்டுவைத்துக் காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று மாதம் நல்ல குளிரில் உறங்காவிட்டால் இது பூக்காது. நம் வெயிலில் கிழங்கே வெந்துவிடும்.

ஆனால் உறவு இல்லாமல் இல்லை. இதன் பங்காளிகள் இமயமலை உச்சியில் இருக்கிறார்கள். ச்யவனப்பிராச லேகியத்தில் 'அஷ்டவர்க்கம்' என்று எட்டு மூலிகை சேர்ப்பார்களே, அதில் க்ஷீரகாகோளி என்பது இமயத்துப் பிரிட்டில்லரிதான் என்று சிலர் கொள்கிறார்கள். சீன வைத்தியத்திலும் அந்த இனத்தின் கிழங்கு இருமலுக்குக் கைகண்ட மருந்து. அதனாலேயே மலையில் தோண்டித் தோண்டி அதுவும் அருகிப் போய்க்கொண்டிருக்கிறது. வில்ட்ஷயரில் ஏர் செய்த வேலையை இமயத்தில் கடப்பாரை செய்கிறது.

இன்னொரு தூரத்து உறவு நம் வேலியிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநிலப் பூவாகிய செங்காந்தளை முன்பெல்லாம் அல்லிக் குடும்பத்தில்தான் சேர்த்திருந்தார்கள். இப்போது குடும்பம் பிரித்துவிட்டார்கள். ஆனாலும் குலம் ஒன்றுதான். அதற்கும் தலைகவிழ்ந்த பூ. அதற்கும் விஷக் கிழங்கு. கிழங்கு வைத்துப் பூப் பார்க்கிற ஆசை இருந்தால் நம் சம்பங்கியை வையுங்கள், பூஜைக்கும் ஆகும்.

பிறகு என்ன நடந்தது?

மார்ச் கடைசியில் நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். பூப் பார்க்கவில்லை. ஏப்ரல் மூன்றாம் வாரம் ஒருநாள் மத்தியானம் டெலிபோன் அடித்தது. எடுத்தால், திரையில் என் பெண்ணின் முகம் இல்லை. ஒரே ஒரு கட்டம் போட்ட பூ! நாலில் ஒன்று பூத்திருந்தது. பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம். அடுத்த வீட்டு அம்மாள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

அந்த அம்மாளுக்கும் தனி வீடுதான், பிள்ளை ஆஸ்திரேலியாவில். நான் கிளம்பிய மறுவாரமே ஒரு தொட்டி நிறைய பிரிட்டில்லரிச் செடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாராம். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் இங்கே காப்பி, வெள்ளிக்கிழமைதோறும் அங்கே டீ. கிழங்கு பதினாறு போயிற்று. ஒரு மனுஷி கிடைத்தார். நஷ்டம் என்று எப்படிச் சொல்வேன்?

இரண்டு வருஷம் கழித்து ஏப்ரலில் நான் மறுபடி போனபோது எல்லோருமாகக் கிரிக்லேட் போனோம். பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஒரு பூவைக்கூடப் பறிக்கக் கூடாது. புல்வெளி பூராவும் காற்றில் தலையாட்டிக்கொண்டு இலட்சோபலட்சம் மணிகள். பேத்தி ஒரு பூவின்முன் உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து அடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் பாட்டி கீழே பார்க்கிறது?" என்று கேட்டாள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வீட்டு அம்மாள்தான் அவளுக்கு ஒரு விஷயம் சொன்னார். பூவாக இருக்கும் வரையில்தான் இது தலையைக் குனிந்துகொண்டிருக்கும். பூ உதிர்ந்து காய் பிடிக்க ஆரம்பித்தால், தண்டு மெல்ல மெல்ல நிமிர்ந்து, காயை நேராக வானத்தைப் பார்க்க நிறுத்திவிடும். ஜூன் மாதம் வீட்டுத் தோட்டத்திலேயே அதை நான் பார்த்தேன். உண்மைதான்.

உங்கள் பெண்ணோ மருமகளோ அந்தப் பக்கத்துக் குளிர் தேசத்தில் குடித்தனம் செய்கிறார்களா? வீட்டுப் பின்புறம் ஒரு முழம் மண் இருக்கிறதா? அப்படியானால் செப்டம்பரில் பேசும்போது இந்தப் பூவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இருபது கிழங்கு வாங்கட்டும். ஆனால் விஜயதசமிக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு அன்றைக்கே நட்டுவிடச் சொல்லுங்கள்!